ஆய்வு நிதியும் கருத்தரங்குகளும்: மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு ஒரு வழிகாட்டி

மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும் பணிபுரியும் ஆசிரியர்கள் பலர், ஆய்வு நிதி என்பது ஐ.ஐ.டி.களுக்கும் மத்திய ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது, நமக்கு எட்டாதது என்று எண்ணி விண்ணப்பிக்காமலேயே இருந்துவிடுகிறார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பிரிவில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாகத் திட்ட முன்மொழிவுகளைப் படித்தும் திருத்தியும் அனுப்பியும் வருபவன் என்ற முறையில், அந்த எண்ணம் சரியன்று என்று உறுதியாகச் சொல்வேன். என் கைக்கு வந்து பின்னர் நிராகரிக்கப்பட்ட முன்மொழிவுகளில், கருத்து வறுமையால் தோற்றவை குறைவு; அழைப்பு வெளியான பிறகு அவசரமாக எழுதப்பட்டதால் தோற்றவையே மிகுதி.

ஓர் அழைப்பு வெளியாவதற்கும் இணையவாசல் மூடப்படுவதற்கும் இடையே பெரும்பாலும் சில வாரங்களே கிடைக்கும். அந்தச் சில வாரங்களில், வகுப்புகளையும் தேர்வுத்தாள் திருத்தும் பணியையும் கவனித்துக்கொண்டே, புதிதாக ஓர் ஆய்வுக் கேள்வியைக் கண்டுபிடித்து, முந்தைய ஆய்வுகளைப் படித்து, இணை ஆய்வாளரைத் தேடி, விலைப்புள்ளிகள் வாங்கி, பதிவாளரின் கையொப்பமும் பெற்று முடிக்க எவராலும் இயலாது. அழைப்பு வரும் நாளில் முன்மொழிவின் முக்கால் பங்கு மேசையில் தயாராக இருக்க வேண்டும். அதை எப்படித் தயாராக வைத்திருப்பது, அதற்குக் கருத்தரங்குகளும் பயிலரங்குகளும் எவ்வாறு துணை செய்யும் என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

எந்தக் கதவைத் தட்டுவது

இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம், பொறியியல் ஆகிய துறைகளில் இருப்பவர்கள் முதலில் அறிய வேண்டியது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையை. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உருவான இவ்வமைப்பு, அதற்கு முன்பு இயங்கிவந்த ‘செர்ப்’ எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட அறிவியல் மற்றும் பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. ஆகவே, மூத்த பேராசிரியர்கள் இன்றும் ‘செர்ப் புராஜெக்ட்’ என்று சொல்வதைக் கேட்டு அந்தப் பெயரில் தேடுபவர்கள் பழைய படிவங்களையும் காலாவதியான விதிமுறைகளையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். திட்டங்களின் பெயர்களும் மாறியுள்ளன. பணியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு முன்பு இருந்த தொடக்க நிலை ஆய்வு மானியத்தின் இடத்தில், இப்போது பிரதமர் பெயரிலான இளம் ஆய்வாளர் மானியம் இருக்கிறது. தொகை, வயது வரம்பு, பணியில் சேர்ந்த நாளிலிருந்து கணக்கிடப்படும் கால வரம்பு ஆகியவை அழைப்புக்கு அழைப்பு மாறக்கூடியவை என்பதால், நண்பர் அனுப்பிய சுருக்கத்தை நம்பாமல், அந்தந்த ஆண்டின் முழு அறிவிப்பை வரி விடாமல் படிக்க வேண்டும்.

கல்லூரி ஆசிரியர்களுக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது அதே அமைப்பின் டேர் என்ற திட்டத்தைத்தான். மாநிலப் பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ நிரந்தரப் பணியில் இருக்கும் ஆசிரியர் ஒருவர், தம் வேலையை விடாமலேயே, ஆய்வு வசதி மிகுந்த வேறொரு நிறுவனத்தில் ஒரு வழிகாட்டியோடு சேர்ந்து மூன்றாண்டுகள் பகுதி நேரமாக ஆய்வு செய்ய அது இடம் தருகிறது. அது தொடங்கப்பட்டபோது ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் ஆய்வுச் செலவாக வழங்கப்பட்டு, அதில் பாதி ஆசிரியரின் சொந்த நிறுவனத்துக்கும் பாதி ஆய்வு நடக்கும் நிறுவனத்துக்கும் பிரிக்கப்பட்டது. ஆசிரியருக்கு ஆண்டுக்கு அறுபதாயிரம் ரூபாய் தனியே கிடைத்தது. தொகை பெரிதன்று. ஆனால், ஆய்வுக்கூடமே இல்லாத ஒரு கல்லூரியின் ஆசிரியருக்கு மூன்றாண்டுகள் நல்ல கருவிகளும் நல்ல உரையாடலும் கிடைப்பது எத்தனை பெரிய மாற்றம் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கணிதத்தில் இருப்பவர்களுக்கு மேட்ரிக்ஸ் என்ற சிறிய மானியம் இருந்துவருகிறது; கருவிகள் தேவைப்படாத துறைக்கு ஏற்றவாறு, பயணம், புத்தகம், கணினி போன்ற சிறு செலவுகளுக்காக வகுக்கப்பட்ட திட்டம் அது. தேசிய உயர் கணித வாரியமும் கணித மாநாடுகளுக்கும் ஆய்வுகளுக்கும் உதவுகிறது.

சமூக அறிவியல் துறையினருக்கு 1969இல் தொடங்கப்பட்ட இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு முதன்மையான இடம். ஆய்வுத் திட்டங்கள், முனைவர் பட்ட உதவித்தொகை, கருத்தரங்கு நிதி, ஆய்வு முறையியல் பயிற்சி ஆகிய யாவும் அங்கே உண்டு. ஐதராபாத்தில் உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் அதன் தென்மண்டல மையம் இயங்குகிறது. வரலாற்றுத் துறைக்கு இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் குழுவும் மெய்யியலுக்கு அதற்குரிய தனிக் குழுவும் இருக்கின்றன. தமிழ் இலக்கியம், மொழியியல், சுவடியியல் போன்றவற்றில் உழைப்பவர்கள் சென்னையில் உள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் அறிவிப்புகளைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். மாநில அளவில், 1984இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் திட்டங்களுக்கும் இளம் அறிவியலாளர் உதவித்தொகைக்கும் கருத்தரங்குகளுக்கும் நிதி தருகிறது. அங்கிருந்து பெறும் சிறு தொகையைச் செம்மையாகச் செலவழித்துக் கணக்கு முடித்தவர் என்ற பெயர், பின்னர் பெரிய தொகை கேட்கும்போது உதவுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். எனவே சிறிய மானியம் என்று அதை ஒதுக்கக் கூடாது.

ஆய்வு மாணவர்களின் நிலை வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாகவும், முதுநிலையில் 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டுள்ளது. நெட் தேர்வில் அந்தத் தகுதி கிடைக்காதவர்கள் சோர்ந்துவிட வேண்டியதில்லை. ஒற்றைப் பெண் குழந்தைகளுக்கான சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே உதவித்தொகை, அறிவியல் தொழில்நுட்பத் துறை பெண்களுக்காக நடத்தும் வைஸ் திட்டங்கள், ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தித் தெரிவு செய்யும் தமிழக அரசின் முதலமைச்சர் ஆய்வு உதவித்தொகை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். திருமணத்துக்கும் குழந்தைப் பேற்றுக்கும் பிறகு ஆய்வை விட்டுவிட்ட பெண்களுக்கு, வைஸ் வரிசையில் முனைவர் பட்டத்துக்கும் அதற்குப் பிந்தைய ஆய்வுக்கும் வழி இருக்கிறது என்பது இன்னும் பலருக்குத் தெரியவில்லை. இதைப் படிப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்த அத்தகைய ஒருவருக்காவது இச்செய்தியைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அறிவிப்புகளைத் தேடுவதற்கு எளிய பழக்கம் ஒன்று போதும். வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், தமக்குப் பொருந்தும் ஐந்தாறு நிறுவனங்களின் இணையதளங்களை மட்டும் திறந்து பார்த்து, ஒரு குறிப்பேட்டில் திட்டத்தின் பெயர், தகுதி, கடைசி நாள், சென்ற ஆண்டு அழைப்பு வெளியான மாதம் ஆகியவற்றை எழுதிக்கொண்டு வர வேண்டும். பல அழைப்புகள் ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே பருவத்தில் வருவதால், இரண்டாம் ஆண்டில் அந்தக் குறிப்பேடே நாட்காட்டியாகிவிடும். வாட்ஸ்அப் குழுக்களில் வரும் செய்திகளில் கடைசி நாள் கடந்தவையும் பாதித் தகவலும் கலந்திருப்பதால், அவற்றைத் தொடக்கமாக மட்டும் கொள்ளலாம்.

கருத்தரங்குக்கு எதற்காகப் போவது

சான்றிதழுக்காகப் போவது என்ற வழக்கம் நம் வளாகங்களில் ஆழமாக வேரூன்றிவிட்டது. பதவி உயர்வுக்குச் சான்றிதழ் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், நிதி பெற்ற முன்மொழிவுகளின் கதையைக் கேட்டுப் பார்த்தால், அவற்றில் பல ஏதோ ஒரு பயிலரங்கின் தேநீர் இடைவேளையில்தான் முளைத்திருக்கும். டேர் திட்டத்துக்கு வழிகாட்டி தேவை. பெரிய திட்டங்களுக்கு இணை ஆய்வாளர் தேவை. முன்பின் அறியாத ஒருவர், மின்னஞ்சலில் வந்த கோரிக்கையை ஏற்று மூன்றாண்டுகளுக்குப் பொறுப்பேற்பது அரிது. நேரில் ஒருமுறை பேசியவர், நம் கேள்வியைக் கேட்டு மறுகேள்வி கேட்டவர், மறுநாள் அனுப்பும் கடிதத்துக்குக் கட்டாயம் பதில் எழுதுவார்.

ஆகவே ஒரு நிகழ்வுக்குப் போகும் முன்பு பேச்சாளர்களின் பட்டியலைப் பார்த்து, அவர்களில் தம் ஆய்வுக்கு நெருக்கமான ஒருவரின் அண்மைக் கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டுச் செல்ல வேண்டும். 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின்கீழ், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளதால், அரசு நிறுவனங்களில் இருப்பவர்கள் கட்டுரை கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டிய நிலை பெரிதும் குறைந்துவிட்டது. தம் நூலகத்தில் அந்த வசதி இயங்குகிறதா என்று நூலகரிடம் கேட்டு, இயங்கவில்லையென்றால் உடனே பதிவு செய்யச் சொல்ல வேண்டும். அடுத்து, தம் ஆய்வை இரண்டே வாக்கியங்களில் சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும்: முதல் வாக்கியத்தில் விடை தெரியாத கேள்வி, இரண்டாம் வாக்கியத்தில் அதற்குத் தாம் செய்யப்போகும் காரியம். இதை வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

எந்த நிகழ்வுகள் பயனுள்ளவை? அனுசந்தான் அமைப்பின் முன்னோடி தொடங்கிய கார்யசாலா பயிலரங்குகளில், தேர்வாகும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள் உயர்தரக் கருவிகளில் கைப்பட வேலை செய்து பழகலாம். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய நகரங்களில் உள்ள மூன்று அறிவியல் கழகங்களும் கூட்டாக நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை, மாணவர்களையும் ஆசிரியர்களையும் இரண்டு மாதங்கள் சிறந்த ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புகிறது. அதே கழகங்கள் ஆசிரியர்களுக்குப் புத்தாக்கப் பயிற்சிகளையும், கல்லூரிகளிலேயே இரண்டு மூன்று நாள் விரிவுரைப் பயிலரங்குகளையும் நடத்த உதவுகின்றன. ஊரகக் கல்லூரி ஒன்று தன் வளாகத்துக்கே தேர்ந்த அறிவியலாளர்களை வரவழைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. சமூக அறிவியலில், முனைவர் பட்ட மாணவர்களுக்கான பத்து நாள் ஆய்வு முறையியல் பயிற்சி மிகவும் பயனளிப்பது. சென்னை, பாரதியார், பாரதிதாசன், மதுரை காமராசர் ஆகிய பல்கலைக்கழகங்களில் உள்ள மாளவியா ஆசிரியர் பயிற்சி மையங்களின் வகுப்புகளைப் பதவி உயர்வுக்கான கடமையாக மட்டும் பார்க்காமல், பிற மாவட்டங்களின் ஆசிரியர்களைச் சந்திக்கும் இடமாகவும் கொள்ளலாம்.

தமிழ்த் துறைகளில் ஆண்டுதோறும் நடக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஓர் அறிஞர் ஒரே பொருளைப் பற்றி ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பேசும் அந்த அவைகளில், கேள்வி நேரம் பெரும்பாலும் வெறுமையாகவே கழிந்துவிடுகிறது. அங்கே எழுந்து நின்று ஆதாரத்தோடு ஒரு நல்ல கேள்வியைக் கேட்கும் இளம் ஆய்வாளரை எவரும் மறப்பதில்லை.

கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லாத் துறைகளையும் ஒரே மேடையில் ஏற்றி, ஒரே நாளில் இருநூறு கட்டுரைகளுக்கு இடம் தந்து, வெளியீட்டுக்கும் உறுதி கூறும் ‘பன்னாட்டு மாநாடு’களை அடியோடு தவிர்க்க வேண்டும். அழைப்பிதழில் அமைப்புக் குழுவின் பெயர்கள் தெளிவாக இருக்கின்றனவா, அதில் உள்ளவர்கள் அத்துறையில் எழுதியிருக்கிறார்களா, கட்டுரைச் சுருக்கத்தை யார் மதிப்பிடுகிறார்கள் என்ற மூன்றையும் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். பல்கலைக்கழக மானியக் குழு, தான் ஏற்கும் ஆய்விதழ்களைத் தொகுத்து வெளியிட்டுவந்த கேர் பட்டியலை 2025இல் கைவிட்டுவிட்ட நிலையில், இதழின் தரத்தை ஆராயும் பொறுப்பு இப்போது ஆசிரியரிடமும் நிறுவனத்திடமுமே இருக்கிறது.

வெளிநாட்டு மாநாட்டில் கட்டுரை படிக்கத் தேர்வானவர்களுக்குப் பயண நிதி கிடைக்கும். அனுசந்தான் அமைப்பும், சி.எஸ்.ஐ.ஆர். எனப்படும் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுவும் இதற்கு உதவுகின்றன. ஆனால், விண்ணப்பிப்பதற்கு ஏற்புக் கடிதம் கையில் இருக்க வேண்டும் என்பதாலும், விசாவுக்கும் பல்கலைக்கழகத்தின் தடையில்லாச் சான்றுக்கும் வாரக்கணக்கில் ஆகும் என்பதாலும், மாநாட்டுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே கட்டுரைச் சுருக்கத்தை அனுப்பிவிட வேண்டும்.

முன்மொழிவை எழுதுதல்: ஓர் எடுத்துக்காட்டு

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட ஒரே எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு பார்ப்பது பயன் தரும். நிலவியல் ஆசிரியர் ஒருவர், ‘தமிழகக் கடலோர மாவட்டங்களில் நிலத்தடி நீரின் தரம்: ஓர் ஆய்வு’ என்ற தலைப்போடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இத்தலைப்பில் கேள்வியே இல்லை. சென்னை முதல் கன்னியாகுமரி வரை நீண்டு கிடக்கும் கடற்கரையை ஒரு தனி ஆசிரியர் மூன்றாண்டுகளில் எப்படி ஆராய்வார் என்று மதிப்பீட்டாளர் முதல் பக்கத்திலேயே ஐயுறுவார். இதையே, ‘வேதாரண்யம் வட்டத்தில் உப்பளங்களை ஒட்டிய ஊர்களின் கிணறுகள் உவர்ப்பது கடல்நீர் ஊடுருவலாலா, உப்பளப் பாத்திகளின் கசிவாலா?’ என்று மாற்றினால், இடம் குறுகிவிடுகிறது, கேள்வி பிறந்துவிடுகிறது, விடை கிடைத்தால் அவ்வூர் மக்களுக்கு என்ன பயன் என்பதும் தானாக விளங்குகிறது.

அடுத்தது முறை. உப்புப் பாத்திகளில் நீர் வெயிலில் ஆவியாகும்போது இலேசான ஆக்சிஜன் கொண்ட மூலக்கூறுகள் முந்தி வெளியேறுவதால், எஞ்சும் நீரில் கனமான ஆக்சிஜனின் பங்கு கூடிவிடும். நேரடியாக ஊடுருவும் கடல்நீரில் அவ்வளவு மாற்றம் இருக்காது. எனவே கிணற்று நீரில் இலேசான, கனமான ஆக்சிஜன் வகைகளின் (ஐசோடோப்புகளின்) அளவையும் உப்புகளின் விகிதத்தையும் சேர்த்துப் பார்த்தால் இரு காரணங்களையும் பிரித்தறிய வாய்ப்பு உண்டு. இந்த நான்கு வரிகள், ‘நவீன நுட்பங்களின் வழியே நீரின் தரம் ஆராயப்படும்’ என்று எழுதப்படும் நாற்பது வரிகளைக் காட்டிலும் மதிப்பீட்டாளரை நம்பவைக்கும்.

பிறகு எண்ணிக்கை. முப்பது கிணறுகள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை என ஆண்டுக்கு இரண்டு முறை, மூன்றாண்டுகளுக்கு மொத்தம் 180 மாதிரிகள். சோதனையின் துல்லியத்தைச் சரிபார்க்கப் பத்தில் ஒரு பங்கு இரட்டை மாதிரிகளைச் சேர்த்தால் 198. இந்த 198 என்ற எண் கைக்கு வந்ததும் வரவுசெலவுத் திட்டம் தானே எழுதிக்கொள்ளத் தொடங்கிவிடும். ஒரு மாதிரிக்கு ஆகும் சோதனைக் கட்டணத்தை இதனால் பெருக்கினால் சோதனைச் செலவு. ஒவ்வொரு பருவத்திலும் களத்தில் ஆறு நாட்கள் என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு நாட்கள். வாடகை வண்டிக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு 36,000, மூன்றாண்டுகளுக்கு 1,08,000 ரூபாய். ‘பயணம்: இரண்டு லட்சம்’ என்று உருண்டையாக எழுதியிருந்தால் கேட்டதில் பாதியை வெட்டியிருப்பார்கள், மேற்கண்ட கணக்கை நியாயப்படுத்தும் பத்தியாக எழுதிய பிறகு அதை வெட்ட எவருக்கும் காரணம் இருக்காது.

கருவி வாங்கும் ஆசையை இங்கே அடக்கிக்கொள்ள வேண்டும். பல லட்சம் விலையுள்ள அயனிப் பகுப்பாய்வுக் கருவியைக் கேட்டால், அதை எங்கே வைப்பீர்கள், யார் இயக்குவார்கள், பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் எங்கிருந்து வரும், பக்கத்தில் எங்கேனும் இருக்கிறதா என்ற கேள்விகள் வரிசையாக எழும். நாடெங்கும் உள்ள பொதுப் பயன்பாட்டுக் கருவிகளின் விவரம் ஐ-ஸ்டெம் இணையவாசலில் கிடைக்கிறது, சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள சைஃப் என்னும் உயர்நிலைக் கருவி மையம் போன்ற இடங்கள் கட்டணத்துக்கு வெளியார் மாதிரிகளையும் சோதித்துத் தருகின்றன. களத்தில் எடுத்துச்செல்லக்கூடிய மின்கடத்துத்திறன் அளவி ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு, மற்றச் சோதனைகளை வெளியே கட்டணத்துக்குச் செய்வதாக எழுதுவதே மூன்றாண்டுத் திட்டத்துக்கு அறிவுடைமை. அந்த மையங்களில் மாதிரி வரிசை எவ்வளவு நீளும் என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக் கால அட்டவணையில் சேர்க்க வேண்டும்.

முன்மொழிவுக்கு வலுச்சேர்ப்பது, ஏற்கெனவே செய்த சிறு வேலை. ஒரு விடுமுறையில் தம் சொந்தச் செலவில் ஐந்து கிணறுகளிலிருந்து நீரெடுத்து, கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே குளோரைடு அளவைக் கண்டு, அதை ஒரு சிறு வரைபடமாக இணைத்துவிட்டால், இவர் களத்துக்குப் போகக்கூடியவர் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. மனிதரிடமிருந்து தகவலோ மாதிரியோ பெறும் ஆய்வாக இருந்தால் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், விலங்குகள் என்றாலும் மரபணு மாற்றம் என்றாலும் அவற்றுக்குரிய குழுக்களின் ஒப்புதலும் வேண்டும். இக்குழுக்கள் மாதந்தோறும் கூடுவதில்லை என்பதால், அழைப்புக்குக் காத்திராமல் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பிறர் எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டுவது கட்டுரையைப் போலவே முன்மொழிவிலும் குற்றமே. முன்மொழிவையும் ஒப்புமைச் சோதனை மென்பொருளில் ஒருமுறை இட்டுப் பார்த்துவிட வேண்டும்.

எழுதி முடித்த முன்மொழிவை இருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். ஒருவர் அதே துறையில் தம்மைவிட மூத்தவர். மற்றவர் வேறு துறைக்காரர். சுருக்கத்தைப் படித்துவிட்டு இரண்டாமவர் தம் சொற்களில் அதைத் திருப்பிச் சொல்ல முடியவில்லையென்றால், சுருக்கத்தை முதலிலிருந்து மாற்றி எழுத வேண்டும்.

கோப்பு நகரும் பாதை

அறிவுத் திறத்தால் வென்று அலுவலகத்தில் தோற்ற முன்மொழிவுகள் உண்டு. ஒருமுறை, மிகச் சிறப்பாக எழுதப்பட்ட ஒரு முன்மொழிவோடு ஓர் ஆசிரியர் கடைசி நாளன்று காலையில் வந்து சேர்ந்தார். நிறுவனத் தலைவரின் ஒப்புதல் கடிதம் மட்டுமே பாக்கி. கையொப்பமிட வேண்டிய அதிகாரி ஒரு கூட்டத்துக்காக வெளியூர் சென்றிருந்தார். பொறுப்பில் இருந்தவர் தமக்கு அதிகாரமில்லை என்றார். மாலை ஐந்து மணிக்கு இணையவாசல் மூடியபோது, எட்டு மாத உழைப்பு அச்சிட்ட தாள்களாக மேசைமேல் கிடந்தது. அந்த ஆசிரியரின் முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. அன்றிலிருந்து, கடைசி நாளுக்குப் பத்து வேலை நாட்களுக்கு முன்பே ஒப்புதல் கடிதத்தைக் கோப்பில் ஏற்றிவிட வேண்டும் என்று எல்லாரிடமும் வற்புறுத்தி வருகிறேன்.

கடிதத்தின் வாசகம் அழைப்பில் தரப்பட்ட மாதிரியை ஒட்டியே இருக்க வேண்டும். ஒரு வரி விடுபட்டாலும் தொழில்நுட்பக் காரணம் காட்டித் தள்ளிவிடுவார்கள். கடிதம் நிறுவனத்தின் முகப்புத் தாளில், முத்திரையோடு, தேதியோடு இருக்கிறதா என்று இருமுறை பார்க்க வேண்டும். இணையவாசலில் பதிவு செய்வது, சுயவிவரத்தை நிரப்புவது, சாதி, வயது, முனைவர் பட்டச் சான்றுகளை ஏற்றுவது ஆகியவற்றை அழைப்பு இல்லாத மாதங்களிலேயே முடித்து வைக்கலாம். வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து பணம் வருவதாக இருந்தால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்துமா என்பதை நிதி அலுவலரிடம் எழுத்து வழியே கேட்டுத் தெளிந்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும்.

துறையின் சார்பில் கருத்தரங்கு நடத்த நிதி கேட்பவர்களுக்கும் இதே பாதைதான். நிகழ்வுக்குப் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். பேச்சாளர்களின் ஒப்புதலைக் கடிதமாக வாங்கி இணைக்க வேண்டும். நினைவுப்பரிசு, பொன்னாடை, மேடை அலங்காரம் போன்றவற்றுக்குக் கேட்பதைத் தவிர்த்து, வெளியூர் ஆய்வு மாணவர்களின் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் உணவுக்கும் கூடுதலாக ஒதுக்குவதே என் விருப்பம். அரங்கு நிறைந்திருப்பதைக் காட்டுவதற்காக இளங்கலை மாணவர்களைக் காலை முதல் மாலை வரை உட்கார வைப்பதை எந்த நிதி நிறுவனமும் கேட்பதில்லை.

பணம் வந்த பிறகு

ஒப்புதல் ஆணை கைக்கு வந்ததும் அதன் நகலை எடுத்துக்கொண்டு நிதி அலுவலகத்துக்குச் செல்வதே முதல் வேலை. நிரந்தரச் சொத்துகளுக்கான தொகையும், ஊதியம், வேதிப்பொருள், பயணம் போன்ற நடப்புச் செலவுகளுக்கான தொகையும் தனித்தனித் தலைப்புகளில் வரும். ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றிச் செலவிட முன் அனுமதி வேண்டும். பொது நிதி மேலாண்மை அமைப்பில் பதிவு, திட்டத்துக்கெனத் தனிக் கணக்கு, திட்ட உதவியாளர் நியமனத்துக்கான விளம்பரம், ஜெம் என்னும் அரசுக் கொள்முதல் இணையவாசல் வழியே பொருள் வாங்குதல் என ஒவ்வொன்றுக்கும் காலம் பிடிக்கும். முதல் ஆண்டு இப்படியே கழிந்துவிட்டது என்று வருந்துவோர் பலர். ஒப்புதல் ஆணைக்குக் காத்திருக்கும் மாதங்களிலேயே விளம்பர வாசகத்தையும் கருவியின் தொழில்நுட்ப விவரக் குறிப்பையும் எழுதி வைத்துவிட்டால் இரண்டு மூன்று மாதங்கள் மிச்சமாகும்.

இரண்டாம் தவணை வருவது பயன்பாட்டுச் சான்றிதழைப் பொறுத்தது. அலுவலகங்களில் யு.சி. என்று சொல்லப்படும் இதை, 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின் 12-ஏ படிவத்தில், ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டுக் கணக்காகத் தர வேண்டும். திட்டம் தொடங்கிய மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதம் என்று கணக்கிட்டு அனுப்பியவை திரும்பி வந்ததை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். வங்கியில் சேர்ந்த வட்டியையும் காட்ட வேண்டும். அது நமக்கு உரியதன்று, அரசுக்குத் திருப்பிச் செலுத்த வேண்டியது. ஒவ்வொரு ரசீதையும் பெற்ற அன்றே எண்ணிட்டுக் கோப்பில் சேர்ப்பதும், வாங்கிய பொருளை அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றுவதும் சலிப்பான வேலைகள்தாம்; ஆனால் மார்ச் மாதக் கடைசி வாரத்தில் ஒரு ரசீதைத் தேடி மூன்று அலமாரிகளைப் புரட்டும் துன்பத்தை அவை இல்லாமல் செய்துவிடும்.

நிராகரிப்புக் கடிதம் வந்தால், அன்று அதை மூடி வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மதிப்பீட்டாளர்களின் குறிப்புகளை வரிவரியாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே தம் பதிலை எழுத வேண்டும். சில குறிப்புகள் நம் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டவையாக இருக்கும். அப்போதும், தவறாகப் புரிந்துகொள்ள இடம் தந்த வாக்கியம் எது என்று தேட வேண்டும். திருத்திய முன்மொழிவை அடுத்த அழைப்புக்கு அனுப்பலாம், அல்லது அதையே சுருக்கி மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்துக்கு ஒரு சிறு திட்டமாக அனுப்பலாம்.

வேதாரண்யத்து எடுத்துக்காட்டில் நான் எழுதச் சொல்லும் ஒரு செலவு வரி மீதம் இருக்கிறது. மூன்றாம் ஆண்டின் நடப்புச் செலவில் சில ஆயிரம் ரூபாயை அச்சுக்கென ஒதுக்கி, முப்பது கிணறுகளின் உரிமையாளர்களுக்கும் அவரவர் கிணற்றின் மூன்றாண்டு அளவுகளைத் தமிழில் ஒரு பக்கத் தாளாக அச்சிட்டு, எந்த மாதங்களில் அந்த நீரைக் குடிக்கலாம், எந்த மாதங்களில் கூடாது என்று குறித்து, வீடு தேடிச் சென்று கொடுத்துவிட்டு வர வேண்டும். மாதிரி எடுக்கப் போன ஒவ்வொரு முறையும் வாளியையும் கயிற்றையும் எடுத்துத் தந்தவர்கள் அவர்கள்தாம்.